ஈராக் ஆர்மிக்கு எந்த வருஷத்து மார்க்கைப் போடுறது?

ரெண்டு பக்கத்து நாடுங்க வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்டா வெளியில இருந்து பாக்கறவங்க மொதல்ல எடுக்கறது மேப் தான். இந்த ஊர் போச்சு, அந்த ஊர் வந்துச்சு, இத்தனை கிலோமீட்டர் உள்ள போயிட்டான், அப்போ இவன் ஆர்மி சூப்பர் அவன் ஆர்மி வேஸ்ட், முடிஞ்சுது ஆராய்ச்சி. இந்தக் கணக்கு எவ்வளவு காலை வாரும்னு பாக்கணும்னா 1980-88 ஈரான் ஈராக் போரை எடுத்துக்கோங்க. அதுல ஈராக் ஆர்மி 1982ல தோத்து ஓடுன ஆர்மி, 1988ல அதே ஆர்மி வரிசையா அஞ்சாறு சண்டை ஜெயிச்ச ஆர்மி, 1990ல உலகத்துலயே நாலாவது பெரிய ஆர்மின்னு டிவில பயமுறுத்துனாங்க, 1991 பிப்ரவரில குவைத்தை மீட்க வந்த அமெரிக்கக் கூட்டணியோட தரைச் சண்டை ஆரம்பிச்சு 100 மணி நேரத்துல கதை முடிஞ்சுது. எந்த வருஷத்தைப் பாத்து மார்க் போடுறது?

எனக்குத் தோணுறது இதுதான்: ஒரு ஆர்மி எவ்வளவு இடம் பிடிச்சுதுங்கறதை ஓரமா வச்சுட்டு, அதுகிட்ட என்ன வேலை சொன்னாங்க, அந்த வேலைக்கு யார் குறுக்க நின்னாங்க, அடி வாங்குனதுக்கு அப்பறம் என்ன மாத்திக்கிச்சு, அதுக்கு யார் காசும் யார் உசுரும் போச்சு, இதையெல்லாம் பாக்காம மார்க் போடவே முடியாது. ஈராக் கதையில இது நாலும் பச்சையா தெரியுது.

மொத நாள்ல இருந்து பாக்கலாம். 1980 செப்டம்பர் 22, ஈராக் விமானப்படை ஈரானோட விமான தளங்கள் மேல குண்டு போட்டுது. ஐடியா எங்க இருந்து வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், 1967ல இஸ்ரேல் எகிப்து விமானங்களை தரைல நிக்கும்போதே குண்டு போட்டு அழிச்சது. ஆனா 1967ல எகிப்து விமானங்க வெட்டவெளில வரிசையா நின்னுச்சு, ஈரான்ல ஷா (1979 புரட்சி வரைக்கும் ஆண்ட மன்னர்) காலத்துலயே கான்கிரீட் ஷெல்டர் கட்டி உள்ள நிறுத்தி வச்சிருந்தாங்க. ரன்வேல கொஞ்சம் பள்ளம் விழுந்தது தான் மிச்சம். மறுநாளே ஈரான் நூத்துக்கும் மேல விமானங்களை ஈராக்குக்குள்ள அனுப்பிடுச்சு. அதாவது திட்டம் போட்டவங்க எதிரியோட ஷெல்டரைக் கூட கணக்குல எடுக்கல. இது பைலட் தப்பா, பைலட்டை அனுப்புனவன் தப்பா?

தரைல இன்னும் மோசம். ஈராக் அதிபர் சதாம் ஹுசைன் ஆர்மிகிட்ட என்ன கேட்டாருங்கறதே தெளிவா இல்ல. ரெண்டு நாட்டுக்கும் எல்லையா ஓடுற ஷத் அல் அரப் ஆறு முழுசா வேணும், ஈரானோட குஸெஸ்தான் மாகாணத்துல எண்ணெய் இருக்கு, அரபு மக்கள் இருக்காங்க, அவங்க நம்ம பக்கம் வந்துடுவாங்க, டெஹ்ரான்ல புரட்சித் தலைவர் கொமேனியோட அரசு தானா விழுந்துடும், இப்படி நெனப்பு. அது எதுவும் நடக்கல. சண்டை ஆரம்பிச்சு ஒரு வாரத்துலயே ஈராக் "போதும், பேசலாம்"ங்கற மாதிரி முன்னேறுறதை நிறுத்திடுச்சு. முன்னாடி பெருசா யாருமே இல்லாத நேரம் அது, அந்த வாரத்துல வேகமா போயிருந்தா தெஸ்ஃபுல், அஹ்வாஸ் மாதிரி குஸெஸ்தான் ஊருங்க எல்லாம் ஆபத்துல இருந்திருக்கும், நின்னதால ஈரானுக்கு மூச்சு விட நேரம் கிடைச்சுது. அப்பறம் கோரம்ஷஹர்ங்கற ஒரு துறைமுக ஊரைப் பிடிக்க ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, தெரு தெருவா சண்டை, காலாட்படை பத்தாம டேங்கை சந்துக்குள்ள விட்டு மாட்டிக்கிட்டாங்க. பக்கத்துல இருக்கற அபதானை சுத்தி வளைச்சாங்களே தவிர கடைசி வரைக்கும் பிடிக்கவே முடியல.

இங்க ஒரு விஷயம் சேத்து சொல்லணும். ஈராக் மெதுவா போனதுக்கு பயம் மட்டும் காரணம் இல்ல, மேல இருந்து வந்த உத்தரவும் காரணம். ஈராக்கோட மக்கள் தொகை ஈரானோடதுல மூணுல ஒரு பங்கு தான். சவப்பெட்டி நெறைய வந்தா உள்நாட்டுல பிரச்சனை ஆகும்னு சதாமுக்கு கவலை, அதனால ஆள் சேதம் கம்மியா இருக்கணும், மொதல்ல பீரங்கியால அடி, அப்பறம் மெதுவா நகருன்னு சொல்லி வச்சிருந்தாங்க. செத்தவங்க குடும்பத்துக்கு காரும் நிலமும் குடுத்து சமாளிச்ச அரசு அது. சரி, ஆள் சேதம் ஆகக்கூடாது ஆனா வேகமா ஜெயிக்கணும்னு ஒரு ஆர்மிகிட்ட கேட்டா அது என்ன பண்ணும்? ரெண்டுமே கிடைக்காது. கிடைக்கல.

எதிர்ல நின்னவங்க நிலைமையையும் பாக்கணும், அது தெரியாம ஈராக்கோட ஆரம்ப முன்னேற்றத்துக்கு மார்க் போட முடியாது. 1979 புரட்சிக்கு அப்பறம் ஈரான் ராணுவத்துல ஆயிரக்கணக்கான அதிகாரிங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, சிலரை சுட்டே கொன்னாங்க, 1980 ஜூலைல ஒரு ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி பிடிபட்டதும் விமானப்படைலயும் களையெடுப்பு. டெஹ்ரான்ல அமெரிக்கத் தூதரக ஆளுங்களைப் பணயக் கைதியா பிடிச்ச விவகாரத்துல அமெரிக்காவுல இருந்து வர்ற உதிரி பாகம் நின்னு போச்சு. ஷா வாங்கி வச்ச 79 எஃப்-14 அமெரிக்கப் போர் விமானம் இருக்கு, அதை ஓட வைக்க பார்ட்ஸ் இல்ல, ஒண்ணைக் கழட்டி இன்னொண்ணுக்கு மாட்டுற கதை. இப்படி கையும் காலும் கட்டின எதிரிகிட்டயே ஈராக் திணறுச்சு. அதே கட்டின கையோட ஈரான் பைலட்டுங்க 1981 ஏப்ரல்ல என்ன பண்ணாங்கன்னா, ஈராக்கோட மேற்கு மூலைல ஜோர்டான் எல்லைகிட்ட இருந்த ஹெச்-3 விமான தளத்தை நடு வானத்துல பெட்ரோல் நிரப்பிக்கிட்டு போய் அடிச்சுட்டு வந்தாங்க. ஈராக் அங்க விமானங்களை ஒளிச்சு வச்சதே ஈரானுக்கு எட்டாத தூரம்னு நெனச்சு தான்.

1981 கடைசில இருந்து நிலைமை திரும்புது. அபதான் முற்றுகை உடைஞ்சுது, போஸ்தான் போச்சு, 1982 மார்ச்ல ஷூஷ் தெஸ்ஃபுல் பக்கம் ஈராக் டிவிஷன்கள் நொறுங்குச்சு, மே 24 அன்னிக்கு கோரம்ஷஹரும் போச்சு. பத்தாயிரத்துக்கும் மேல ஈராக் வீரர்கள் கைதி ஆனாங்க. எப்படி போச்சுன்னு பாத்தா ரொம்ப சாதாரண காரணம். ஈராக் யூனிட்டுங்க அகலமா பரவி ஒண்ணுக்கு ஒண்ணு எட்டாத தூரத்துல நின்னுச்சு, நடுவுல ஓட்டை, ஈரான் காலாட்படை ராத்திரில அந்த ஓட்டை வழியா நுழைஞ்சு பின்னாடி இருக்கற பீரங்கியையும் கமாண்ட் போஸ்ட்டையும் அடிச்சுது. அந்த நேரத்துல ஒரு ஈராக் பிரிகேட் கமாண்டர் நானா முடிவு எடுத்து கொஞ்சம் பின்வாங்கி சுதாரிக்கலாம்னு நெனச்சாக் கூட முடியாது, பாக்தாத்ல கேக்கணும். கேக்காம பின்வாங்குனா துரோகி. கோரம்ஷஹர் போனதுக்கு அப்பறம் சீனியர் கமாண்டருங்க சிலரை சதாம் சுட்டுக் கொன்னாரு, தன் வீட்டு விசுவாசி எவன், ஆட்சியைக் கவுக்கக் கூடியவன் எவன்னு பாத்து பாத்து பதவி குடுத்த ஆர்மில திறமைக்கு எங்க இடம்.

அதுக்கு அப்பறம் தான் யாருமே சரியா மார்க் போடாத பகுதி வருது, 1982 ஜூலைல இருந்து 1986 வரைக்கும். ஈரான் எல்லையைத் தாண்டி தெற்கு ஈராக்கோட பெரிய ஊரான பாஸ்ராவைப் பிடிக்க வருது, வருஷா வருஷம் வருது, முடியல. மேப்ல பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், கோடு நகரவே இல்ல. ஆனா ஈராக் ஆர்மி இந்தப் போர்ல செஞ்ச உருப்படியான வேலை இங்க தான் இருக்கு. பாஸ்ராவுக்குக் கிழக்க மண் மேடு மேல மண் மேடா கொத்தளம் கட்டினாங்க, கண்ணிவெடி வயல், முள்கம்பி, தண்ணியைத் திருப்பி விட்டு செயற்கையா ஒரு பெரிய ஏரி, அதை மீன் ஏரின்னு கூப்புடுவாங்க, டேங்குகளை மண்ணுக்குள்ள இறக்கி தலை மட்டும் தெரியற மாதிரி வச்சு பீரங்கி மாதிரி சுட்டாங்க. இதோட போர்முனைக்கு இணையா நல்ல ரோடுங்க போட்டாங்க, டேங்கை ஏத்திட்டுப் போற பெரிய டிரெய்லர் லாரிங்களை எக்கச்சக்கமா வாங்குனாங்க. ஈரான் வடக்க ஒரு இடத்துல இடிச்சா தெற்க இருக்கற ஒரு டேங்க் பிரிகேட் லாரில ஏறி ரெண்டு மூணு நாளுக்குள்ள அங்க போய் நிக்கும். ஈரான்கிட்ட அந்த வசதி இல்ல, ஓட்டை போட்ட இடத்துல கூட்டத்தை சேத்து உள்ள தள்ளுறதுக்குள்ள ஓட்டை அடைஞ்சுடும். இதெல்லாம் செய்தில வராது, புல்டோசர் ஓட்டுறவனுக்கு யார் மெடல் குடுக்கறா, ஆனா பாஸ்ரா விழாம இருந்ததுக்கு பாதிக் காரணம் புல்டோசர் தான்.

மீதிக் காரணத்துல ஒண்ணு விஷவாயு. அதை ஓரமா வச்சுட்டு இந்த ஆர்மியைப் பத்திப் பேசறது அயோக்கியத்தனம். 1983ல இருந்து தோலைப் பொசுக்குற மஸ்டர்ட் கேஸ், 1984ல மஜ்னூன் தீவு சதுப்பு நிலச் சண்டை நேரத்துல டாபுன்ங்கற நரம்பு வாயு, போர்க்களத்துல நரம்பு வாயுவைப் பயன்படுத்துனது உலகத்துலயே அது தான் மொத தடவை. ஐநா நிபுணர் குழு 1984 மார்ச்லயே போய் பாத்து உறுதி பண்ணுச்சு, ஆனாலும் ஈராக்கை யாரும் தடுத்து நிறுத்தல.

இப்போ ஃபாவ். இந்தப் போர்ல ஒரே இடத்தைப் பாத்து ரெண்டு ஆர்மியையும் எடை போடணும்னா அது ஃபாவ் முனை தான், ஷத் அல் அரப் கடல்ல சேர்ற இடம். 1986 பிப்ரவரி 10 ராத்திரி, மழை. ஈரானோட முக்குளிப்பு வீரர்கள் மொதல்ல ஆத்துல இறங்கி தடைகளை வெட்டினாங்க, பின்னாடி சின்னப் படகுங்கள்ல ஆளுங்க. அந்தக் கரைல நின்னது ஈராக்கோட ரெண்டாம் தர யூனிட்டுங்க, ஆத்தைத் தாண்டி யார் வரப் போறான்னு விட்டு வச்ச இடம். ஈராக் தலைமையோ, ஈரான் வடக்க காட்டுன பொய்த் தாக்குதலைப் பாத்துட்டு மெயின் அடி பாஸ்ரா பக்கம் தான் வரும்னு அங்கயே கண்ணை வச்சுட்டு உக்காந்திருந்தது, முழிச்சுக்கறதுக்குள்ள ஃபாவ் ஊரே போச்சு. அப்பறம் திருப்பிப் பிடிக்க ரிபப்ளிகன் கார்டுங்கற சதாமோட தனிப் படையையும் சேத்து அனுப்புனாங்க. தரை முழுக்க உப்புச் சேறு, டேங்க் ரோட்டை விட்டு இறங்குனா புதையும், இருந்ததே விரல் விட்டு எண்ணக்கூடிய ரோடுங்க, அதுல ஒண்ணு பின்னாடி ஒண்ணா போன டேங்குகளை ஈரான்காரன் ஏவுகணையோட காத்துக்கிட்டு இருந்து அடிச்சான். வாரக்கணக்கா முட்டி மோதியும் முடியல. பழி வாங்கறதுக்கு வேற இடத்துல மெஹ்ரான்ங்கற ஊரைப் பிடிச்சு அதுக்கு இது பதில்னு சொன்னாங்க, ரெண்டு மாசத்துல அதையும் ஈரான் திருப்பி எடுத்துக்கிச்சு.

ஃபாவ் அடில தான் சதாம் மாறுனாரு. 1986 நடுவுல ஜெனரல்கள் மொத தடவையா வாயைத் திறந்து, எங்களை சண்டை போட விடுங்கன்னு சொல்லி அது எடுபட்டுது. ரிபப்ளிகன் கார்டு அது வரைக்கும் பெரும்பாலும் சதாமோட பாதுகாப்புக்குன்னு இருந்த படை, அதைப் பல மடங்கு பெருசாக்கி காலேஜ் பசங்களை எல்லாம் சேத்து தாக்குதல் படையா மாத்தினாங்க. விசுவாசத்தோட திறமையும் இருக்கற ஆளுங்களுக்கு பொறுப்பு வந்துச்சு, மாஹிர் அப்துல் ரஷீத் மாதிரி ஆளுங்க. ஒரு சர்வாதிகாரி தோல்வியைப் பாத்து பிடியைக் கொஞ்சம் தளர்த்துனதுங்கறது ரொம்ப அபூர்வம், என்னைக் கேட்டா அந்த எட்டு வருஷத்துல ஈராக் பக்கம் நடந்த முக்கியமான திருப்பம் இது தான், எந்த மேப்லயும் தெரியாது.

பலன் 1988 ஏப்ரல் 17. ரம்ஜான் ஆரம்பம். வடக்க குர்து பகுதில தான் கவனம்னு ஈரானை நம்ப வச்சுட்டு ஃபாவ்ல இறங்குனாங்க. அதுக்கு முன்னாடி மாசக்கணக்குல ஃபாவ் மாதிரியே தரை, கொத்தளம், தண்ணி எல்லாம் செஞ்சு வச்சு அதுல திரும்பத் திரும்ப ஒத்திகை. எந்த பட்டாலியன் எத்தனை மணிக்கு எந்தக் கோட்டைத் தொடணும், பீரங்கி எந்த நிமிஷம் எங்க சுடணும், எல்லாம் எழுதி வச்சது. 1986ல வாரக்கணக்கா முடியாதது 35 மணி நேரத்துல முடிஞ்சுது. மே மாசம் பாஸ்ராவுக்குக் கிழக்க எல்லைல இருக்கற ஷலாம்ச்சே, ஜூன் மாசம் மஜ்னூன், ஒவ்வொண்ணும் ஒரு நாளுக்குள்ள.

அப்போ அருமையான ஆர்மி ஆயிடுச்சா? இங்க தான் கொஞ்சம் நிதானிக்கணும். பரீட்சைக்கு அஞ்சு கேள்வியை மனப்பாடம் பண்ணிட்டு அந்த அஞ்சுமே வந்துட்டா நூத்துக்கு நூறு வாங்கலாம், அது மாதிரி தான் இது. ஒத்திகை பாத்த இடத்துல, ஒத்திகை பாத்த நாள்ல, குறைஞ்ச தூரத்துக்கு, பல மடங்கு ஆளும் டேங்கும் வச்சுக்கிட்டு, வாயுவும் அடிச்சு ஜெயிச்சாங்க. திட்டத்துல இல்லாதது நடந்தா என்ன பண்ணுவாங்கங்கற கேள்வியே வராத மாதிரி திட்டம் போட்டாங்க. தன்னோட கமாண்டருங்களால சொந்தமா யோசிச்சு சட்டுனு முடிவெடுக்க முடியாதுன்னு தெரிஞ்சு, அதுக்குத் தகுந்த மாதிரி சண்டையை வடிவமைச்சாங்க பாருங்க, அது ஒரு புத்திசாலித்தனம் தான், நான் மறுக்கல. ஆனா அதுக்கு ஒரு எல்லை இருக்கு.

எதிரி 1988ல யாருங்கறதும் முக்கியம். 1987 ஜனவரில பாஸ்ராவுக்கு வெளில நடந்த கர்பலா-5 தாக்குதல்ல ஈரான் தன்னோட நல்ல வீரர்களை ஆயிரக்கணக்குல இழந்துடுச்சு, அப்பறம் வாலண்டியரா வர்றவங்க கூட்டமே குறைஞ்சு போச்சு. 1988 ஆரம்பத்துல டெஹ்ரான் மேல ஏவுகணைங்க விழ ஆரம்பிச்சு மக்கள் ஊரைக் காலி பண்ணாங்க. மார்ச் 16 ஹலப்ஜாங்கற ஊர்ல ஈராக் தன் நாட்டு குர்து மக்கள் மேலயே வாயு போட்டு ஆயிரக்கணக்குல கொன்னுது, அதே டெஹ்ரான்ல விழுந்தா என்னாகும்ங்கற பயம் ஈரான்ல பரவுச்சு. அமெரிக்கா சேட்டிலைட் தகவலை ஈராக்குக்குக் குடுத்துச்சு, ஃபாவ் விழுந்துக்கிட்டு இருந்த அதே ஏப்ரல் 18ல வளைகுடால ஈரான் கடற்படையை அமெரிக்கக் கடற்படை அடிச்சுது. சவுதியும் குவைத்தும் குடுத்த கடன் பல ஆயிரம் கோடி டாலர், சோவியத் டேங்க், பிரெஞ்சு மிராஜ் போர் விமானம். இதெல்லாம் கிடைச்ச ஈராக்கோட மார்க்கையும், வெளிச் சந்தைல ஒளிஞ்சு ஒளிஞ்சு ஸ்பேர் பார்ட் வாங்குன ஈரானோட மார்க்கையும் ஒரே பேப்பர்ல வச்சுப் பாக்கறது நியாயமா?

செத்தவங்க கணக்கை வச்சு ஜெயிச்சது யாருன்னு சொல்றதும் இங்க எடுபடாது. ரெண்டு பக்கமும் லட்சக்கணக்குல செத்தாங்க, ரெண்டு அரசும் தன் சேதத்தைக் குறைச்சும் எதிரி சேதத்தை ஏத்தியும் தான் சொன்னாங்க. ஈரான்ல ரொம்ப அதிகம், ஆனா பதினஞ்சு பதினாறு வயசுப் பசங்களை பஸிஜ்ங்கற வாலண்டியர் படைல சேத்து கண்ணிவெடிக்கு மேல அனுப்புன அரசியல் முடிவை ராணுவத் திறமைக் கணக்குல எழுத முடியாதே.

எதுக்கு சண்டை ஆரம்பிச்சாங்களோ அது கிடைச்சுதான்னு பாத்தா ஈராக்குக்கு பூஜ்யம். ஷத் அல் அரப்ல எல்லையை ஆத்து நடுவுல வச்ச 1975 அல்ஜியர்ஸ் ஒப்பந்தம் செல்லாதுன்னு சொல்லி தான் சதாம் போரை ஆரம்பிச்சாரு. 1990 ஆகஸ்ட்ல குவைத்துக்குள்ள புகுந்த ரெண்டு வாரத்துல, ஈரான் எல்லைல நிக்கற படை வேணும்ங்கறதுக்காக, அதே ஒப்பந்தத்தை ஏத்துக்கறேன்னு ஈரானுக்கு லெட்டர் போட்டாரு. எட்டு வருஷ சாவு, ஒரே லெட்டர்ல அடிச்சுட்டாரு. இதுல ஆர்மிக்கு ஒரு பங்கும் இல்ல.

1991ல என்ன ஆச்சுங்கறது இப்போ புரியும். ஈராக் ஆர்மி குவைத் எல்லைல பாஸ்ரா மாதிரியே மண் மேடு போட்டு, டேங்கை மண்ணுல இறக்கி உக்காந்தது, பாஸ்ரா வாசல்ல வருஷக்கணக்கா ஈரானை நிறுத்துன டெக்னிக். எதிர்ல வந்த அமெரிக்கக் கூட்டணிக்காரன்கிட்ட வழி காட்டுற ஜிபிஎஸ் இருந்தது, ஈராக் ஆளுங்க வழியே இல்லன்னு விட்ட பாலைவனத்தை சுத்திக்கிட்டு மேற்குல இருந்து வந்தான். பிப்ரவரி 26, மணல் காத்து, ரிபப்ளிகன் கார்டோட தவக்கல்னா டிவிஷன் திரும்பி நின்னு சண்டை போட்டுது, ஓடல, அதை சொல்லியே ஆகணும். ஆனா அமெரிக்க டேங்குக்கு, சூட்டை வச்சுப் பாக்கற தெர்மல் கண்ணுல இவங்க தெரியறாங்க, இவங்களுக்கு அவன் தெரியல, மண் மேட்டையே துளைச்சுட்டு குண்டு உள்ள வருது. ஒரு எதிரியை நிறுத்த எட்டு வருஷம் கத்துக்கிட்ட பாடம் இன்னொரு எதிரிகிட்ட உதவல. இதுல இன்னொண்ணும் இருக்கு, 1988ல ஜெயிச்சுக் குடுத்த ஜெனரல்களை சதாம் போர் முடிஞ்சதுமே ஓரங்கட்ட ஆரம்பிச்சுட்டாரு, மாஹிர் அப்துல் ரஷீத்தோட பொண்ணு சதாம் மகனைக் கட்டியிருந்தும் அவருக்கும் அதே கதி தான். ஜெயிக்கிற ஜெனரல் ஆபத்தானவன்ங்கற பழைய கணக்கு திரும்பி வந்துடுச்சு.

ஈரான் பக்கம் ஒரு வார்த்தை சொல்லிட்டு முடிச்சுக்கறேன், ஏன்னா மனித அலை, மனித அலைன்னே (கூட்டம் கூட்டமா ஆளை அனுப்பி மோத விடறது) சொல்லி அந்த ராணுவத்தை ரொம்ப மட்டமா பேசுவாங்க. 1982 வெற்றிகள்ல புரட்சிக்கு அப்பறம் ரெகுலர் ராணுவத்துக்குத் தனியா உருவான புரட்சிக் காவல் படையோட வேகம் எவ்வளவு இருந்துச்சோ அதே அளவு ஷா காலத்துல படிச்ச ரெகுலர் ராணுவ அதிகாரிங்களோட திட்டமும் பீரங்கியும் ஹெலிகாப்டரும் இருந்துச்சு, ஃபாவ் ஆத்தைத் தாண்டுனதும் கூட்டத்தைத் தள்ளி விட்டுப் பண்ற வேலை இல்ல. பிரச்சனை என்னன்னா ஜெயிச்ச பேர் காவல் படைக்குப் போச்சு, ரெகுலர் ஆர்மியை நம்பாம ஒதுக்குனாங்க, ரெண்டும் ஒண்ணா சேந்து வேலை பாத்தது குறைஞ்சு போச்சு, எல்லையைத் தாண்டி போகலாமான்னு கேட்டப்போ தயங்குனவங்க பேச்சு எடுபடல. 1988ல காவல் படைத் தளபதி மொஹ்சென் ரெஸாயி, ஜெயிக்கணும்னா என்னென்ன வேணும்னு ஒரு லெட்டர் எழுதுனாரு, 2006ல முன்னாள் ஈரான் அதிபர் ரஃப்சஞ்சானி அது சம்பந்தமான கொமேனி கடிதத்தை வெளில விட்ட பிறகு தான் உலகத்துக்குத் தெரிஞ்சுது. 2,500 டேங்க், 300 போர் விமானம், அதுவும் அஞ்சு வருஷத்துக்கு வெற்றியே எதிர்பார்க்க முடியாதுங்கற குறிப்போட. நம்பிக்கை மட்டும் போதும்னு ஆறு வருஷம் சொல்லிட்டு இருந்த படை கேட்ட லிஸ்ட் இது. கொமேனி அதைப் படிச்சுட்டு தான் போரை நிறுத்தச் சொன்ன ஐநா தீர்மானம் 598ஐ ஏத்துக்கிட்டாரு, அது விஷம் குடிக்கறதை விடக் கொடுமைன்னு வெளிப்படையாவே சொன்னாரு. 1988 ஆகஸ்ட் 20 அன்னிக்கு துப்பாக்கி நின்னப்போ ரெண்டு ஆர்மியும் கிட்டத்தட்ட 1980 எல்லைலயே தான் இருந்துச்சு.